நைனா எழுத்து

திண்டுக்கல் சந்தைக்கு விளைச்சலோடு வரும் சம்சாரி சுருட்டுக் கட்டு வாங்கினால் முதலில் முகர்ந்து பார்ப்பார், அப்புறம் லேபிளைத் திருப்பிப் பார்ப்பார். எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, தலை பருத்து, வால் மெலிந்து, பட்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி ஓடினால் அசல் சரக்கு. விறைத்துக்கொண்டு நேராக நின்றால் போலி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். யார் எழுதியது என்று கேட்டால் மட்டும் சொல்லிவிடுவார். "நைனா எழுத்து" என்பார்.

அந்த நைனா முகமதுவுக்குப் பேகம்பூரில் ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. மனைவி குர்ஷித் பேகம், ஒரே மகள் ஷரீஃபா. குர்ஷித்தின் அண்ணன் அக்பர் அலி இரண்டு தெரு தள்ளிப் பச்சைத்தோல் மண்டி வைத்திருந்தார். ஷரீஃபா தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, "இவ என் மகன் பாரூக்குக்கு" என்று அவர் வாய்வார்த்தை கொடுத்துவிட்டார். அந்த வார்த்தையை நம்பித்தான் அந்த வீடு நடந்தது. ஷரீஃபா பெரியவளானதும் எங்கிருந்து பெண் கேட்டு வந்தாலும், "அதான் அவ மாமு வீடு இருக்கே" என்று குர்ஷித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாள். பாரூக்கும் லேசுப்பட்டவனில்லை. மண்டியின் பில் புத்தகம் அச்சாவது நைனா வேலை பார்க்கும் மெயின் ரோட்டுப் பிரஸ்ஸில், அவன் அதை வாங்க வருவது சந்துக்குள் இருக்கும் இந்த வீட்டுக்கு. உள்ளே வளையல் சத்தம் கேட்கும்வரை பில் புத்தகத்தில் ஏதாவது தப்பு கண்டுபிடித்துக்கொண்டே நிற்பான்.

நைனாவுக்கு எழுத்து எந்தப் பள்ளிக்கூடத்திலும் வந்ததல்ல, தோல் பதனிடும் ஷாப்பில் வந்தது. பதனிட்ட தோலை அடுக்கி, இறுக்கிக் கட்டி, சாக்கு சுற்றித் தைத்து, அதன்மேல் முதலாளியின் குறியையும் சரக்கு போக வேண்டிய ஊரையும் எழுத வேண்டும். வாலிபத்தில் அவருக்கு அதுதான் வேலை. சாக்கு இருக்கிறதே, அது மையைக் குடிக்கிற ஜென்மம். பிரஷ் ஓரிடத்தில் தயங்கி நின்றால் அங்கே மை ஊறி எழுத்து கொழுக்கட்டையாகிவிடும். வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். அதனால் நிற்கக்கூடாது, கையை எடுக்கக்கூடாது, யோசிக்கவே கூடாது. முதல் எழுத்தில் கால் வைத்தால் கடைசி எழுத்தில் போய்த்தான் மூச்சு விட வேண்டும்.

அப்படி எழுதி எழுதித்தான் அது சாய்ந்துபோனது. ஒரு மூட்டையில் எழுதிய மாதிரி இன்னொன்றில் வராது. இதில் 'ம' வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும், அடுத்ததில் பட்டினி கிடந்த மாதிரி ஒட்டியிருக்கும். 'கு'வின் வால் ஒரு மூட்டையில் பக்கத்து எழுத்தைத் தொட்டுப் பேசும், இன்னொன்றில் சாக்கின் தையல்வரை போய்விட்டு வரும். பிரஷில் மை தீரும் இடத்தில் கோடு கோடாக வெளிறும். புள்ளிகளை வைப்பதே கிடையாது, போகிற போக்கில் எறிவதுதான்.

பிரஸ் பொன்னுத்துரை 1953இல் தனக்கு வந்த காகிதக் கட்டை எடுக்க ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போனவர், தோல் மூட்டைகளுக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். மறுநாள் தோல் ஷாப்புக்கே வந்துவிட்டார்.

"பாய், மூட்டைக்குப் போயி இம்புட்டு அழகா எழுதுறீகளே, இதைப் படிக்கிறவன் யாரு? சுமை தூக்குறவன். எங்கிட்ட வாங்க. ஊரே படிக்கும்."

ஊரே படித்தது. சுருட்டு லேபிள், மூக்குப்பொடி டப்பா, கலர் சோடா, சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன் காட்டும் விளம்பர சிலைடு, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி என்று நைனாவின் பிரஷ் போகாத இடமில்லை. நிலக்கோட்டையிலிருந்து போகிற மல்லிகைக் கூடைகளில் கட்டிய அட்டையில் அந்த எழுத்து இருந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸின் நெற்றியில் "கொடைரோடு" என்று அதுதான் ஓடியது. மற்றவர்கள் எழுதிய போர்டுகள் வாத்தியார் மாதிரி உத்தரவு போட்டன. இவர் எழுத்து, "அட, உள்ளே வாங்கப்பு" என்று கையைப் பிடித்து இழுத்தது. ஊர் மயங்கியது அந்தச் சுவாதீனத்துக்குத்தான்.

ஒவ்வொரு லேபிளுக்கும் இவர் எழுதி, அதைத் தகட்டில் பிளாக் எடுத்து, அச்சேற்றுவதற்குள் வேலை மலை மாதிரி சேர்ந்துவிட்டது. பொன்னுத்துரை யோசித்தார். 1958இல் நைனாவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், ஈய எழுத்து வார்க்கும் ஒரு பட்டறையில் உட்காரவைத்தார். நைனாவின் கையை அப்படியே அச்செழுத்தாக வார்த்துவிட்டால் கம்பாசிட்டரே கோத்துக்கொள்வார், நைனா வெளி போர்டு வேலைகளைப் பார்க்கலாம். நல்ல யோசனைதான். நைனாவுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

பட்டறைக்காரர் 'க' எழுதச் சொன்னார். நைனா உற்சாகமாகப் பன்னிரண்டு 'க' எழுதிக் கொடுத்தார், பன்னிரண்டும் பன்னிரண்டு சாதி.

"எதுக்கு பாய் இத்தனை? ஒண்ணு போதும்" என்று பட்டறைக்காரர் நான்காவதைச் சுற்றி வட்டம் போட்டார். மீதியைப் பந்தாகச் சுருட்டிக் கூடையில் எறிந்தார். 'கு'வுக்கு வந்தபோது, வால் ஈயக் கட்டைக்கு வெளியே நீண்டால் ஒடிந்துவிடும் என்று சொல்லி வாலைப் பாதியாக்கச் சொன்னார். அந்தக் காலத்து 'லை'யின் யானைத் தும்பிக்கையையும் தட்டி உட்காரவைத்தார். நைனா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் குறைத்துக் கொடுத்தார். அவர் எதற்கும் சிரிப்பவர்.

எழுத்துப் பெட்டி திண்டுக்கல்லுக்கு வந்து இறங்கியது. மேலே ஒட்டிய சீட்டில் 'நைனா' என்று பெயர் போட்டிருந்தது. பெயருள்ள எழுத்து! பொன்னுத்துரை முதல் அச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தபோது நைனா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே கையோடு பொன்னுத்துரை ஒரு முத்திரைத்தாளையும் நீட்டினார். இந்த எழுத்தைப் பிரஸ் தவிர வேறு எவருக்கும் ஆயுசுக்கும் எழுதிக் கொடுப்பதில்லை, பிரஸ் கேட்கும் வேலையை மறுப்பதுமில்லை என்று அதில் இருந்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் பாய்."

கையெழுத்துப் போட்டார். பேச்சுக்குப் போட்டதுதான் பிறகு விலங்காகிவிட்டது. பேகம்பூர் பள்ளிவாசலுக்குப் போர்டு எழுத வேண்டும் என்றால் பொன்னுத்துரையிடம் போய் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மதுரையில் சினிமா பேனர் எழுதுகிற கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். நைனாவுக்குப் போக ஆசை, ஆளுயர எழுத்து எழுத ஆசை. தாளை நினைத்துக்கொண்டு, "இல்லைங்க, ஒடம்புக்கு ஒத்துக்காது" என்று பொய் சொல்லி அனுப்பினார். தன் கையால் தான் நினைத்ததை எழுத முடியாதவன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அன்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அதையும் தாண்டி ஒன்று நடந்தது, அதை அவரே கவனிக்கவில்லை. ஒரு சுருட்டுக் கம்பெனி முதலாளி பிரஸ்ஸுக்கு வந்து சத்தம் போட்டார். லேபிளில் அச்சு ஒரு மாதிரி, கடை போர்டில் நைனா கையால் எழுதியது ஒரு மாதிரி. சம்சாரிகள் இரண்டையும் பார்த்துவிட்டுச் சரக்கு போலி என்கிறார்கள். பொன்னுத்துரை உடனே எழுத்து முழுவதையும் ஒரு தாளில் அச்சடித்து நைனாவிடம் கொடுத்தார்.

"பாய், இனிமே இதைப் பாத்து எழுதுங்க. அச்சுல எப்படி இருக்கோ அப்படி."

"மொதலாளி, அதுவே என்னைப் பாத்து வார்த்ததுதானே?"

"இருக்கட்டும். இப்ப நீங்க அதைப் பாருங்க."

நைனா சாரத்தில் ஏறினால் அந்தத் தாளைச் சுவரில் ஆணியடித்துக்கொண்டு எழுதினார். வால் நீண்டால் துடைத்து, வயிறு தள்ளினால் சுரண்டி எழுதினார். ஆறு மாதத்தில் ஆணி தேவைப்படவில்லை, ஒரு வருஷத்தில் தாளே தேவைப்படவில்லை. எழுதி முடித்ததும் பொன்னுத்துரை லேபிளையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்து, "அச்சு அசல்!" என்று கைதட்டுவார். கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்?

ஊருக்கு அந்த எழுத்து பித்தாகவே பிடித்துவிட்டது. பொருந்துகிற இடம், பொருந்தாத இடம் என்று இல்லாமல் கேட்டார்கள். சேவுகம்பட்டி மலைச்சாமி தன் தகப்பனாரின் கருமாதிப் பத்திரிகைக்கும் நைனா எழுத்தே வேண்டுமென்றார். அச்சாகி வந்ததைப் பார்த்தால், செத்தவர் ஏதோ புதுக்கடை திறப்பது மாதிரி இருந்தது.

"அண்ணே, இந்த எழுத்துக்கு அழத் தெரியாது. வேற எழுத்துல போட்டுக்கங்க" என்று நைனாவே கெஞ்சினார்.

"எங்கய்யா சிரிச்ச மொகம்தான். இருந்துட்டுப் போகட்டும்" என்று மலைச்சாமி பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலேட்டில் அதைப் பார்த்து எழுதின, வாத்தியார்கள் அடித்துத் திருத்தினார்கள். கரி எடுத்துச் சுவரில் கிறுக்குகிறவன்கூட எழுத்தைச் சாய்த்துத்தான் கிறுக்கினான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது 1963 வந்தது. ஷரீஃபாவுக்குப் பதினெட்டு நடந்தது. அக்பர் அலி, முதலில் தன் மகள் பக்ருன்னிசாவைக் கரையேற்றிவிட்டு அடுத்து பாரூக் கல்யாணத்தை எடுக்கலாம் என்றிருந்தார். பக்ருன்னிசாவுக்குப் பெரியகுளத்தில் பெரிய இடம் அமைந்தது, வெற்றிலை மாற்றி நிச்சயமும் ஆனது. ஆனதும் அவர்கள் இன்னொரு பேச்சை எடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறது, உங்கள் பெண்ணை நாங்கள் எடுக்கிறோம், எங்கள் பெண்ணை உங்கள் பாரூக்குக்கு எடுங்கள். அக்பர் அலி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குர்ஷித் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தாள். தெருவே அதைப் பார்த்தது.

பத்து நாள் கழித்து நிச்சயத் தட்டு பெரியகுளத்திலிருந்து திரும்பி வந்தது. தட்டில் வெற்றிலை இல்லை, ஒரு மொட்டைக் கடுதாசி இருந்தது. பக்ருன்னிசாவுக்குக் காக்கா வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று ஏழு வரி. பச்சைப் பொய். அந்தப் பொய்யின் தலையில் பயபக்தியாக 786 வேறு போட்டிருந்தது. கடுதாசியில் பெயர் இல்லை, ஆனால் எழுத்து இருந்தது. சாய்ந்து, தலை பருத்து, வால் மெலிந்து, சிரித்துக்கொண்டு ஓடும் எழுத்து.

அக்பர் அலிக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பாரூக் கைமாறிப் போய்விடுவானோ என்று பயந்தவர்கள் ஊரில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜமாஅத் கூடியது. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா அறையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி ஜமால் முகமது, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அக்பர் அலி கடுதாசியை நைனாவின் முன்னால் விரித்துவைத்தார்.

"மச்சான், இது யாரு எழுத்து?"

நைனா பார்த்தார். அந்த நேரத்திலும் உள்ளதைத்தான் சொன்னார். "எழுத்து என் எழுத்துதான். ஆனா நான் எழுதலை மச்சான்."

"அப்ப ஒங்க கையி தனியா எந்திரிச்சுப் போயி எழுதிட்டு வந்துருச்சா?"

யாரோ சிரித்தார்கள். முத்தவல்லி கையைக் காட்டி அடக்கினார்.

"இஞ்ச பாரு நைனா. ஊரு முழுக்க ஒன் எழுத்து மாதிரிதான் எழுதுறான். அதை வச்சு ஒன்னைக் குத்தம் சொல்ல எனக்கு மனசில்லை. குர்ஆன் மேல கைய வச்சு 'நான் எழுதலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாங்க ஏத்துக்கிட்டு எந்திரிச்சுப் போறோம். அக்பர், நீயும் ஏத்துக்கணும்."

அக்பர் அலி தலையை ஆட்டினார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நைனா எழுந்து வந்திருக்கலாம். எத்தனை பேர் அப்படி வந்திருக்கிறார்கள்! ஆனால் அவர் கடுதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிந்தது. சத்தியம் செய்துவிட்டுப் போனால், சத்தியத்துக்காக விட்டார்கள் என்றுதான் பேச்சு இருக்கும். மகள் அந்த வீட்டுக்கு வாழப் போகிறவள். ஒரு பொட்டுச் சந்தேகத்தோடு அவளை அனுப்பக்கூடாது என்று நினைத்தார்.

"முத்தவல்லி, சத்தியம் எதுக்கு? சாட்சி இதுலயே இருக்கு. இந்த 'க'வைப் பாருங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இந்தா கீழ ஒண்ணு. எல்லாமே ஒண்ணுபோல இருக்கு பாருங்க. எவனோ பிரஸ் நோட்டீஸை அடியில வச்சு, மேல மெல்லிசு தாளைப் போட்டு இழுத்திருக்கான். அச்சுலதான் ஒரு எழுத்து மாதிரியே இன்னொண்ணு இருக்கும். மனுசன் கையில வராது. என் கையில வரவே வராது. நான் பன்னெண்டு 'க' எழுதினா பன்னெண்டும் வேற வேற."

"வேணாம்ப்பா. சத்தியமே போதும்" என்றார் முத்தவல்லி.

"இல்ல முத்தவல்லி. பிரஷைக் கொடுங்க, எழுதியே காட்டுறேன். செத்த நேரத்து வேலை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மதரஸாவிலிருந்து ஒரு மெல்லிசு பிரஷும் மையும் வந்தன. கடுதாசியின் ஏழு வரியையும் முத்தவல்லி மெதுவாகப் படிக்க, நைனா அதே அளவில் எழுதினார். கூட்டம் எட்டிப் பார்த்தது. அவர் கை எங்கும் நிற்கவில்லை. சாக்கில் எழுதின காலத்து வேகத்தில், ஒரே மூச்சில், சந்தோஷமாக எழுதினார். முடித்துவிட்டு, "இப்ப பாருங்க" என்று தாளைத் திருப்பிக் காட்டியவர், தானும் பார்த்தார்.

முதல் வரியில் ஒரு 'க' இருந்தது. மூன்றாம் வரியில் இரண்டு. ஐந்தாம் வரியில் ஒன்று, ஏழில் ஒன்று. எல்லாம் மெட்ராஸ் பட்டறைக்காரர் வட்டம் போட்ட அந்த நான்காவது 'க'. 'கு'வின் வால் பாதியோடு நின்றது, எல்லா 'கு'விலும். புள்ளிகள் எறிந்த மாதிரி இல்லை, வைத்த மாதிரி இருந்தன, ஒரே உயரத்தில்.

முத்தவல்லி இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். 'க'வை 'க'வின் மேல் நகர்த்தினார், 'ம'வை 'ம'வின் மேல் நகர்த்தினார். மயிரிழை பிசகவில்லை. பிறகு இரண்டு தாளையும் சேர்த்து மடித்தார்.

நைனாவுக்குப் பயம் பிடித்தது. ஜமாஅத்தைப் பார்த்தல்ல, தன் கையைப் பார்த்து. இத்தனை வருஷம் தன் தோளில் தொங்கியது தன் கை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்!

"சத்தியம் பண்றேன்" என்றார். "குர்ஆனைக் கொண்டாங்க. சத்தியம் பண்றேன்."

அக்பர் அலி எழுந்து துண்டை உதறினார். "இப்ப வேணாம் மச்சான். மொதல்லயே கேட்டப்ப மாட்டேன்னுட்டீக. பொய்ச் சத்தியம் பண்ணி அந்தப் பாவத்தையும் சுமக்க வேணாம். என் தங்கச்சி புருசனாச்சேன்னு இதோட விடுறேன். ஒங்க பொண்ணு ஒங்க வீட்டோட இருக்கட்டும்."

அந்தக் கடுதாசியை எழுதியவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தேடுவதற்கும் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆள்தான் கிடைத்துவிட்டானே.

வீட்டில் இரண்டு நாள் அடுப்பில் கஞ்சிதான் கொதித்தது, தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் குர்ஷித் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு பழைய கடுதாசியை எடுத்து அவர் முன்னால் போட்டாள். ஷரீஃபா பிறந்த சமயம் அவள் நிலக்கோட்டைத் தாய்வீட்டில் இருந்தபோது, நைனா தோல் ஷாப்பிலிருந்து எழுதியது.

"இதையும் நீங்கதானே எழுதினீக?" என்றாள். கேள்வியா, குற்றமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நைனா எடுத்துப் பார்த்தார். "குர்ஷித்துக்கு" என்பதில் 'கு' வாலை நீட்டிக்கொண்டு தாளின் ஓரம்வரை போயிருந்தது. ஒரு 'ம' குண்டு, ஒன்று ஒல்லி. 'க'வுக்கு 'க' ஜாடை மட்டும்தான், அண்ணன் தம்பி போல. ஒரு புள்ளி வழிதவறி இரண்டு வரிக்கு நடுவில் கிடந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நைனா எழுதிப் பார்த்தார். கண் பழைய 'கு'வில்தான் இருந்தது, கை வாலைப் பாதியில் நிறுத்தியது. இழுத்துப் பார்த்தார். இழுத்த வால் ஒட்டவைத்த வால் மாதிரி இருந்தது. வேகமாக எழுதினார், மெதுவாக எழுதினார், கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். மூடிய கண்ணுக்குள்ளும் அச்சுத்தாள் ஆணியடித்துத் தொங்கியது. ஷரீஃபா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? முத்திரைத்தாள் இருக்கிறது, வயிறும் இருக்கிறது. போனார். சந்தில் எதிரே வருகிறவர்கள் சலாமை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுக் கடந்தார்கள். அதே ஆட்கள் கடைக்குப் போய், "நைனா எழுத்துல போர்டு எழுதச் சொல்லுங்க" என்றார்கள். ஆளை ஒதுக்கிய ஊர் எழுத்தை ஒதுக்கவில்லை. ஒருநாள் பொன்னுத்துரையிடம் போய், "மொதலாளி, தாளைக் கிழிச்சுருங்க, நான் மறுபடி தோல் ஷாப்புக்கே போயிர்றேன்" என்றார் நைனா.

பொன்னுத்துரை கெட்டவரில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். "கிழிச்சாலும் எங்க பாய் போவீக? நீங்க எங்க எதை எழுதினாலும் அது இதுதானே" என்றார். அது உண்மை என்பதால் நைனா பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பத்து மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை அக்பர் அலி சந்துக்குள் வந்தார். வெற்றிலையும் பத்திரிகையுமாக வந்து வாசலிலேயே நின்றார். கூடப் பிறந்தவளைக் கூப்பிடாமல் கல்யாணம் செய்தால் ஊர் ஏசும். பத்திரிகையைத் தங்கையின் கையில் கொடுத்தார், உள்ளே பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்க்கவில்லை. "பழனியில பொண்ணு எடுத்திருக்கு. வந்துரும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

குர்ஷித் பத்திரிகையைப் பிரிக்காமல் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஷரீஃபாதான் எடுத்தாள். முகமது பாரூக் என்று போட்டிருந்தது. பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. "தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து" என்று கடைசிவரி வரைக்கும் எழுத்துகள் சாய்ந்து, தலை பருத்து, வால் மெலிந்து, சிரித்துக்கொண்டு ஓடின. அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து அத்தாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தா, இதை நீங்க எழுதினீங்களா?"

நைனா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார், முகம் செத்துப்போனது. "இல்லம்மா. சத்தியமா இல்ல. போன வாரம் முழுக்க நான் கொடைரோட்டுல ஓட்டல் போர்டு எழுதிக்கிட்டு இருந்தேன். கம்பாசிட்டர் கோத்திருப்பாரு. கேக்குறவுகளுக்கெல்லாம் இதுலதான் கோக்குறாக."

"ஆனா ஒங்க எழுத்து."

"ஆமாம்மா."

ஷரீஃபா பத்திரிகையை மடியில் வைத்து மடிப்பை நீவினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் இல்லை.

"அந்த மொட்டைக் கடுதாசியையும் நீங்க எழுதலை. இதைப் பாத்தாலே தெரியுதே அத்தா" என்றாள்.

பத்து மாதத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். எல்லாவற்றுக்கும் சிரித்துப் பழகிய நைனா, பிரஷைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஷரீஃபா பத்திரிகையை எடுத்துப் போய் டிரங்குப் பெட்டியில், அந்த நிலக்கோட்டைக் கடுதாசிக்கு மேல் வைத்து மூடினாள்.

மறுநாள் காலையில் பொன்னுத்துரை ஆள் அனுப்பியிருந்தார். அக்பர் அலி வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு நல்வரவு தட்டி எழுத வேண்டும், பழனிக்காரர்கள் நைனா எழுத்துதான் வேண்டும் என்கிறார்களாம், பாய் தப்பாக நினைக்கக்கூடாது என்று சொல்லச் சொன்னாராம். நைனா போனார். வெள்ளைத் துணியில் சிவப்புப் பெயிண்டால், மகள் வாழப் போயிருக்க வேண்டிய வீட்டு வாசலுக்கு, ஆள் உயரத்துக்கு 'நல்வரவு' எழுதிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பழனிக்காரர்கள் பத்திரிகையையும் தட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அச்சு அசலாக இருக்கிறது என்றார்கள்.